போவா குட்டிகள்: ஒரே பெட்டியிலா, தனித்தனி டப்பாவிலா?

போவா பாம்பு முட்டையிடாது, குட்டி போடும். சினையான தாய், கருமுட்டை இறங்கிய பிறகு ஒருமுறை சட்டை உரிக்கும். அன்றிலிருந்து ஏறத்தாழ 100 முதல் 120 நாள் எண்ணிக்கொண்டு காத்திருப்போம். பிறகு ஒரு விடியற்காலையில் கூண்டைத் திறந்தால் இருபது, முப்பது குட்டிகள் நெளிந்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றும் ஒன்றரை சாண், இரண்டு சாண் நீளம். நடுவே கருவுறாத மஞ்சள் கட்டிகள் சிலவும் கிடக்கும்.

தாய் குட்டிகளைப் பேணுவதில்லை. அதன் கனத்த உடம்பின் கீழ் அவை நசுங்கவும் கூடும். எனவே உடனே பிரித்துவிட வேண்டும். பிரித்து எங்கே வைப்பது என்பதில்தான் வளர்ப்பவர்கள் இரண்டு அணியாக நிற்கிறார்கள். முதல் சட்டை உரியும்வரை, அதாவது ஒன்று முதல் இரண்டு வாரம், எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைப்பவர்கள் ஒரு பக்கம். பிறந்த அன்றே ஆளுக்கொரு டப்பா கொடுப்பவர்கள் மறுபக்கம். நான் இரண்டையும் செய்திருக்கிறேன்.

ஒரே பெட்டி எளிது. ஈரக் காகிதம் விரித்து, ஒரு பக்கத்தை 31, 32 டிகிரி செல்சியஸில் வைத்தால் வேலை முடிந்தது. அதன் உண்மையான பலம் ஈரப்பதம். பெரிய பெட்டி சீக்கிரம் காயாது. சின்ன டப்பாவோ அரை நாளில் வறண்டுவிடும். வறண்டால் சட்டை முழுதாகக் கழலாமல் வால் நுனியில் வளையமாக இறுகிக்கொள்ளும். ரத்தம் ஓடாமல் அந்த நுனியே கருகி உதிரும். தனி டப்பா கொடுப்பவர் காலையும் மாலையும் காகிதத்தைத் தொட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

ஆனால் என் முதல் ஈற்றில் 23 குட்டிகளை ஒரே பெட்டியில் வைத்து ஒன்றை இழந்தேன். அதன் வயிற்றில் பாக்கு அளவுக்கு மஞ்சள் கருவின் பை இன்னும் உள்ளே போகாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அது தானாக உறிஞ்சப்படும்வரை யாரும் தொடக்கூடாது. மற்ற குட்டிகள் அதன்மேல் ஊர்ந்து ஊர்ந்து தொப்புள்கொடியை இழுத்துவிட்டன. மறுநாள் காகிதத்தில் ரத்தக்கறை. மூன்றாம் நாள் அது அசையவில்லை. தனியே வைத்திருந்தால் பிழைத்திருக்கும் என்றே இன்றும் நம்புகிறேன்.

இன்னொரு இழப்பு கண்ணுக்குத் தெரியாதது. கூட்டத்தில் யார் சட்டை உரித்தது, யாருடைய எச்சம் நீர்த்துப்போயிருக்கிறது என்று பிரித்தறிய முடியாது. தனி டப்பாவின் மூடியில் எண்ணும் தேதியும் எழுதினால் ஒவ்வொரு குட்டியின் கதையும் கையில் இருக்கும்.

ஒன்றைச் சொல்ல வேண்டும்: போவாக்களைக் கொல்லும் ரெப்டரீனா வைரஸ் தாயிடமிருந்தே குட்டிகளுக்கு வரக்கூடியது. அதை எந்த டப்பாவும் தடுக்காது. இணை சேர்ப்பதற்கு முன்பே ஆண், பெண் இரண்டையும் பரிசோதிக்க வேண்டும்.

உணவு விஷயத்தில் மட்டும் இரண்டு அணிக்கும் கருத்து வேற்றுமை இல்லை. முதல் சட்டை உரியும்வரை வயிற்றிலுள்ள மஞ்சள் கருவே போதும். முதல் எலிக்குட்டியைத் தனித்தே கொடுக்க வேண்டும். ஒரே இரையை இரண்டு பாம்புகள் இரு முனையில் கவ்வினால் இரண்டும் விடாது. வாய்கள் சந்திக்கும் இடத்தில் ஒன்று மற்றதையும் சேர்த்து விழுங்கப் பார்க்கும்.

என் தேர்வு தனி டப்பா. முப்பது டப்பாவுக்கு அலமாரியும் நேரமும் இல்லாதவர்கள் ஒரு பெட்டிக்கு நான்கைந்து என்று பிரிக்கலாம். அப்போதும் மஞ்சள் கருவின் பை தொங்கும் குட்டியை முதல் நாளே தனியே எடுத்துவிடுங்கள். சட்டை உரித்த குட்டியை அன்று மாலைக்குள் தன் டப்பாவுக்கு மாற்றி, மூடியில் தேதி எழுதிவிடுங்கள்.