குத்திய ஊசி எங்கே போகிறது? வீட்டு ஊசி டப்பாக்களோடு என் நீண்ட கால அனுபவம்

சாப்பாட்டுக்கு முன் மூன்று, படுக்கும்போது ஒன்று என்று நாளுக்கு நான்கு முறை இன்சுலின் போடுகிறேன். ஒவ்வொரு முறையும் புது ஊசி மாற்றினால் வருடத்துக்கு 1,460 ஊசிகள் சேரும். சர்க்கரை பார்க்க விரலில் குத்தும் குட்டி ஊசியான லான்செட் தனிக் கணக்கு. பல வருடங்களாக இன்சுலின் போட்டு வருவதால், குத்திய ஊசிகளை வைக்க எத்தனையோ டப்பாக்களைப் புழங்கிப் பார்த்துவிட்டேன். இன்சுலின் தொடங்கிய நாளில் எங்கே குத்த வேண்டும், எத்தனை யூனிட் என்றெல்லாம் பொறுமையாகச் சொல்லித் தந்தார்கள். குத்திய ஊசியை என்ன செய்வது என்று மட்டும் சொல்லவே இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அதிக காலம் கைகொடுத்தது, துணி துவைக்கும் திரவம் வரும் கெட்டியான பிளாஸ்டிக் கேன். சுவர் தடிமனாக இருக்கும், அடி அகலம் என்பதால் சாயாது, மூடி திருகி இறுகும். தண்ணீர் பாட்டில் இதற்கு உதவாது. அதன் மெல்லிய பிளாஸ்டிக்கை லேசாக அழுத்தினாலே ஊசி வெளியே வந்துவிடும். கேன் மேல் ‘கூரான ஊசிகள், திறக்க வேண்டாம், மறுசுழற்சிக்கு அல்ல’ என்று அழியாத மையில் பெரிதாக எழுதிவிடுவேன். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடியை இறுக்கி, சுற்றி டேப் ஒட்டிவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறதே என்று கையால் அமுக்குவது கூடவே கூடாது.

இதற்கென்றே விற்கும் ஷார்ப்ஸ் டப்பாவையும் நன்றாகப் பயன்படுத்திவிட்டேன். கேனை விட இரண்டு விஷயங்களில் மேல். சிலவற்றின் வாயில் ஒரு பள்ளம் இருக்கும். இன்சுலின் பேனாவை (பேனா வடிவில் இருக்கும் ஊசிக் கருவி) அதில் செருகித் திருகினால் கை படாமலே ஊசி உள்ளே விழும். நிறைந்த பின் மூடியை அழுத்திப் பூட்டினால் மறுபடி திறக்காது. சின்னக் குழந்தைகள் நடமாடும் வீடு என்றால் இதைத்தான் வாங்கச் சொல்வேன், அதுவும் எட்டாத உயரத்தில்தான் இருக்க வேண்டும்.

எந்த டப்பா என்பதை விட, அது எங்கே இருக்கிறது என்பதுதான் பெரிய விஷயம். ஊசி போடும் இடத்திலிருந்து கை நீட்டினால் எட்ட வேண்டும். வேறு அறையில் இருந்தால் ‘அப்புறம் போட்டுக்கொள்ளலாம்’ என்று ஊசி மேசையிலோ பேனாவிலோ தங்கிவிடும். பேனாவிலேயே விட்டால் காற்று உள்ளே போகும், மருந்து கசியும், அடுத்த முறை அளவும் தப்பலாம்.

பேனா ஊசியில் பலர் கவனிக்காத ஒன்று, அதற்கு இரண்டு முனை. நம் தோலில் இறங்குவது ஒன்று. பேனாவுக்குள் மருந்துக் குப்பியின் ரப்பரைத் துளைப்பது இன்னொன்று. வெளிப்பக்கத்துப் பெரிய மூடியைப் போட்டுக் கழற்றி எடுத்தாலும் பின்னால் அந்த இரண்டாவது முனை திறந்தே இருக்கும். ‘மூடிவிட்டேனே’ என்று குப்பைப் பையில் போட்டால், பையைத் தூக்குபவரின் கையில் அது ஏறிவிடும். பெரிய மூடியை மேசை மேல் வைத்து, ஒரு கையால் பேனாவை அதற்குள் இறக்கித் திருகிக் கழற்றி, அப்படியே டப்பாவில் போடுவதுதான் என் வழக்கம். உள்ளே இருக்கும் குட்டி மூடியைத் திரும்ப மாட்டவே வேண்டாம், விரலில் குத்தும். அடுத்தவருக்கு ஊசி போட்டுவிடுபவர்கள் எந்த மூடியையும் திரும்பப் போடாமல் இருப்பதே பாதுகாப்பு. அவர்களுக்கென்று குத்தியதும் தானே மூடிக்கொள்ளும் ஊசிகளும் இருக்கின்றன.

ஊசி வெட்டும் சின்னக் கருவி ஒன்றையும் பயணங்களில் வைத்திருந்தேன். முனையை வெட்டித் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். சிரிஞ்சுக்கு நன்றாக வேலை செய்கிறது. லான்செட்டுக்கு ஆகாது, பேனா ஊசியின் பின்முனையும் அப்படியே இருக்கும். எனவே டப்பா எப்படியும் தேவை. கத்தரிக்கோலால் வெட்டுவதைச் செய்யவே கூடாது, துண்டு எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது.

இத்தனை கவலையும் குப்பையைக் கையால் பிரிப்பவர்களுக்காகத்தான். யாருடைய ஊசி, அவருக்கு என்ன நோய் என்று அவர்களுக்குத் தெரியாது. ரத்தம் வழியே பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். குத்திவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். காயத்தைப் பிதுக்கவோ வாயால் உறிஞ்சவோ கூடாது. உடனே மருத்துவரிடம் போக வேண்டும், ஏனென்றால் எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.

நிறைந்த டப்பாவை எங்கே கொடுப்பது என்பது ஊருக்கு ஊர் மாறும். சில இடங்களில் மருந்துக்கடை வாங்கிக்கொள்ளும், சில இடங்களில் மருத்துவமனை, சில இடங்களில் உள்ளாட்சி அமைப்பு. டப்பா பாதி நிறையும்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறையில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

இப்போது தோலில் ஒட்டும் சர்க்கரை சென்சாருக்கு மாறியிருக்கிறேன். அதை ஒட்டும் கருவிக்குள்ளும் ஊசி உண்டு, ஆனால் அந்தக் கருவி கேன் வாயில் நுழையாது. அதனால் அடுத்து வாங்கப் போவது அகல வாய் டப்பாதான்.