ஸ்லீவா பைபாஸா? எங்க வீட்டுல ரெண்டும் இருக்கு

எடை குறைக்கற ஆபரேஷன்ல நான் ஸ்லீவ் பண்ணவன், எங்க அக்கா பைபாஸ் பண்ணவ. எனக்கு 2021 ஜனவரி, அவளுக்கு 2023 ஆகஸ்ட். அதனால சொந்தத்துல யாருக்காவது வெயிட் நூறை தாண்டுச்சுன்னா போன் எங்களுக்குத்தான் வரும், வந்ததும் எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான், "எதுல கிலோ நிறைய குறையும்?" நானும் அன்னைக்கு அதத்தான் கேட்டேன். இப்ப யோசிச்சா அது நாலாவதா கேக்க வேண்டியது. அதுக்கு முன்னாடி மூணு இருக்கு: நெஞ்சு எரியுமா, சுகர் எத்தனை வருஷமா இருக்கு, காலம் பூரா மாத்திரை ஒழுங்கா போடுவீங்களா. இந்த மூணுக்கும் உண்மையா பதில் சொன்னாலே பாதி முடிவு தானா வந்துடும். நான் முதல் கேள்விக்கே உண்மை சொல்லல, அந்த கதை கீழ வருது.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன், இது கொழுப்பை உறிஞ்சி எடுக்கற லைப்போசக்‌ஷன் கிடையாது. எங்க பெரியப்பா இன்னும் "கொழுப்பு எடுத்தியே"ன்னுதான் என்னை கேப்பாரு. கொழுப்புல யாரும் கை வைக்கறதில்ல, இரைப்பையையும் குடலையும்தான் மாத்தறாங்க.

ஸ்லீவ்னா இரைப்பையை நீளவாக்குல ஸ்டேப்ளர் போட்டு வெட்டி முக்கால் பாகத்துக்கு மேல வெளிய எடுத்துடுவாங்க, மிச்சம் இருக்கறது ஒரு வாழைக்காய் சைஸ் குழாய். குடல்ல கை வைக்க மாட்டாங்க. வெட்டி எடுக்கற மேல் பகுதியிலதான் பசியை கிளப்பற கிரெலின் ஹார்மோன் அதிகமா சுரக்குது, அதனால முதல் வருஷம் பசின்னா என்னன்னே மறந்துடும், நான் ஒரு இட்லியில பாதிய வச்சுக்கிட்டு இருபது நிமிஷம் உக்காந்திருக்கேன். ஆனா வெட்டினது வெட்டினதுதான், திருப்பி ஒட்ட முடியாது.

பைபாஸ்னு அக்கா சொன்னதும் அவ மாமியார் பதறிட்டாங்க, "அய்யோ ஹார்ட்லயா?"ன்னு. நம்ம ஊர்ல பைபாஸ்னா ஒண்ணு ஹார்ட்டு, இல்லன்னா ரோடு. இந்த ஆபரேஷன் ரோடு மாதிரிதான். பஸ் ஊருக்குள்ள போகாம பைபாஸ்லயே நேரா போயிடுது இல்ல, அது. இரைப்பையோட உச்சியில ஒரு முட்டை அளவுக்கு, சுமார் 30 மில்லி, சின்ன பை மட்டும் தனியா பிரிச்சு அதை குடலோட கொஞ்சம் தள்ளி ஒரு இடத்துல தைச்சுடுவாங்க. சாப்பாடு பழைய இரைப்பைக்கும் குடலோட முதல் பகுதிக்கும் போகவே போகாது. ஆனா பழைய பஸ் ஸ்டாண்டை இடிக்கல, அது அங்கயேதான் இருக்கு, அதுல சுரக்கறதும் பித்தமும் கணைய நீரும் வேற ரூட்ல வந்து கீழ சேந்துக்கும். ரெண்டு இடத்துல தையல். இதைத்தான் ரூ-என்-ஒய்னு சொல்றாங்க, 1960கள்ல அமெரிக்காவுல ஐயோவால எட்வர்ட் மேசன் ஆரம்பிச்சு வச்ச பைபாஸோட இன்னைய வடிவம்.

இன்னொரு வகை மினி பைபாஸ், அதுல தையல் ஒரே இடம். பை கொஞ்சம் நீளம், சாப்பாடு படாம சுத்தி விடற குடலும் நீளம், 150ல இருந்து 200 சென்டிமீட்டர் வரைக்கும். 1997ல ராபர்ட் ரட்லெட்ஜ்னு ஒரு அமெரிக்க டாக்டர் தொடங்கினது, நம்ம நாட்டுல நிறைய பேர் பண்றாங்க. மினின்னு பேர் இருக்கறதால சின்ன ஆபரேஷன்னு நினைச்சுடாதீங்க, சின்னதா இருக்கறது ஆபரேஷன் நேரம்தான், குடலை பொறுத்தவரை அது மேக்ஸி.

சரி கிலோ கணக்கு. என் வெயிட் 118, ஒன்றரை வருஷத்துல 79 வரைக்கும் இறங்கினேன், இப்ப 88ல நிக்குது. அக்கா 86ல ஆரம்பிச்சு 61. எங்க ரெண்டு பேரை வச்சு கணக்கு போடாதீங்க, பின்லாந்துல 240 பேரை பாதி பாதியா பிரிச்சு ஸ்லீவும் பைபாஸும் பண்ணி பத்து வருஷம் பாத்திருக்காங்க, ஸ்லீவ்பாஸ்னு பேரு. பத்து வருஷம் கழிச்சு அதிகப்படி எடையில ஸ்லீவ் ஆளுங்களுக்கு 43.5 சதவீதம் போயிருக்கு, பைபாஸுக்கு 50.7. வித்தியாசம் இருக்கு, ஆனா மலைக்கும் மடுவுக்கும் இல்ல. அதே ஆராய்ச்சில இன்னொரு நம்பர் இருக்கு பாருங்க, எண்டோஸ்கோப்பில உணவுக்குழாய் புண்ணா இருந்தது ஸ்லீவ்ல 31 சதவீதம், பைபாஸ்ல 7. நான் அந்த 31ல ஒருத்தன்.

இப்ப என் கதை. ஆபரேஷனுக்கு முன்னாடியே எனக்கு ராத்திரி புளிச்ச ஏப்பம், படுத்தா தொண்டை வரைக்கும் எதுக்களிக்கும். அதை வீட்டுல எல்லாரும் "கேஸ் ட்ரபிள்"னுதான் சொல்லுவோம், சோம்பு, ஓமத்தண்ணி, மெடிக்கல் ஷாப்ல ஒரு ஜெல், முடிஞ்சுது. டாக்டர் "அசிடிட்டி இருக்கா"ன்னு கேட்டப்ப "இல்ல சார், சும்மா கேஸ்தான்"ன்னு நானே சொன்னேன். எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்ல சின்னதா ஹையாட்டஸ் ஹெர்னியான்னு, அதாவது இரைப்பையோட மேல் பகுதி நெஞ்சுப் பக்கம் ஏறி நிக்குதுன்னு, ஒரு வரி இருந்துருக்கு, நான் அதை படிச்சதே ரெண்டு வருஷம் கழிச்சு, அங்கயும் யாரும் அதை எடுத்து பேசல. ஸ்லீவ் பண்ணா இரைப்பை ஒல்லியான குழாயா ஆகிடுது, உள்ள அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறினா அமிலம் மேலதான் வரும். ஏற்கனவே கதவு லூசா இருக்கறவனுக்கு இன்னும் மோசம். ரெண்டாவது வருஷத்துல இருந்து தினமும் வெறும் வயித்துல மாத்திரை, ரெண்டு தலகாணி, ஏழு மணிக்கு மேல எதுவும் சாப்பிடறதில்ல. பைபாஸ்ல அந்த சின்ன பையில அமிலம் ரொம்ப கம்மி, பித்தமும் தூரத்துல போய்தான் சேருது, அதனால நெஞ்செரிச்சல் இருக்கறவங்களுக்கு ரூ-என்-ஒய்தான் பொருத்தம். மினி பைபாஸ்ல பித்தம் தையல் பக்கத்துலயே ஓடறதால சிலருக்கு அது மேல ஏறும், அமிலத்துக்கு போடற மாத்திரை பித்தத்துக்கு பெருசா கேக்காது.

சுகர் விஷயத்துல பைபாஸ் ஒரு படி மேல. அக்காவுக்கு எட்டு வருஷ சுகர், மூணு மாச சுகர் சராசரியை காட்டற எச்பிஏ1சி 9.4, ராத்திரி இன்சுலின். ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வரும்போதே டோஸை பாதியா குறைச்சுட்டாங்க, மூணு மாசத்துல நிப்பாட்டிட்டாங்க. எடை குறையறதுக்கு முன்னாடியே சுகர் இறங்குது, ஒரு காரணம், சாப்பாடு சீக்கிரமா கீழ் குடலுக்கு போனதும் அங்க இன்சுலினை தூண்டற ஜிஎல்பி-1 மாதிரி ஹார்மோன் நிறைய சுரக்குது. ஆனா இது எல்லாருக்கும் கிடைக்கற வரம் இல்ல, இருபது வருஷமா சுகர் இருந்து கணையம் ஓஞ்சு போனவங்களுக்கு மாத்திரை குறையும், முழுசா நிக்கறது கஷ்டம். கிளீவ்லண்ட்ல பண்ண ஸ்டாம்பீட் ஆராய்ச்சில அஞ்சு வருஷம் கழிச்சு எச்பிஏ1சி 6 அல்லது கீழ இருந்தவங்க பைபாஸ்ல 29 சதவீதம், ஸ்லீவ்ல 23, மருந்து மட்டும் எடுத்தவங்கள்ல 5. ஸ்லீவும் சும்மா இல்ல, சுகர் புதுசா இருந்தா அதுவும் நல்லாவே கேக்கும்.

இனி யாரும் கேக்காத மூணாவது கேள்வி. இரும்பு, கால்சியம் நல்லா உறிஞ்சற இடமே குடலோட முதல் பகுதிதான், பைபாஸ்ல அதைத்தான் தாண்டிப் போறோம். அக்காவுக்கு தினம் மல்டிவிட்டமின், கால்சியம், இரும்பு, பி12க்கு ஊசி, ஆறு மாசத்துக்கு ஒருக்கா ரத்த டெஸ்ட். ஒரு வருஷம் இரும்பு மாத்திரையை போடாம ஏமாத்திட்டா, ஹீமோகுளோபின் 8க்கு வந்து இரும்பை டிரிப்ஸ்ல ஏத்த வேண்டியதா போச்சு. ஸ்லீவ்லயும் பி12 குறையும், மாத்திரை உண்டு, ஆனா கொஞ்சம் மறந்தா மன்னிக்கும். மினி பைபாஸ் மன்னிக்காது. பிரான்ஸ்ல யோமேகான்னு ஒரு ஆராய்ச்சி, 200 சென்டிமீட்டர் மினி பைபாஸையும் ரூ-என்-ஒய்யையும் ரெண்டு வருஷம் ஒப்பிட்டாங்க, எடை ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி குறைஞ்சுது, ஆனா சத்துக்குறைவால வந்த சீரியஸ் பிரச்சனை மினி பக்கம் 9, அந்தப் பக்கம் ஒண்ணு கூட இல்ல.

சைவக்காரங்க இதை ரெண்டு தடவை படிங்க. ஒரு நாளைக்கு குறைஞ்சது 60 கிராம் புரதம் உள்ள போகணும், ஒரு முட்டையில 6 கிராம்தான், ஒரு கிண்ணம் பருப்புல அதை விட கொஞ்சம் கூட, பன்னீர் நூறு கிராம்ல பதினெட்டு கிட்ட. நம்ம தட்டுல பருப்புங்கறது சாம்பார்ல தேடினாத்தான் கிடைக்கும். வயிறு கொள்ளற நாலு ஸ்பூன்ல மூணு ஸ்பூன் ரசம் சாதமா இருந்தா முடி கொட்டும், தசை கரையும். முடி மூணாவது நாலாவது மாசத்துல எல்லாருக்கும் கொஞ்சம் கொட்டும், அது திரும்ப வந்துடும், புரதம் இல்லாதவங்களுக்கு நிக்காம கொட்டும். மோர்ல புரோட்டீன் பவுடர் கலக்கி குடிக்க பழகிக்கங்க, குமட்டும், பழகிடும்.

முட்டி வலிக்கு தினம் ஒரு வலி மாத்திரை போடற ஆளா? அப்ப பைபாஸ் ரெண்டுமே யோசிக்கணும், டைக்ளோபினாக் மாதிரி மாத்திரைங்களும் சிகரெட்டும் அந்த தையல் இடத்துல அல்சர் உண்டாக்கும், ஓட்டையே விழலாம். நம்மாளுங்க மெடிக்கல்ல "மூட்டு வலிக்கு ஒண்ணு குடுங்க"ன்னு வாங்கி முழுங்கறவங்க, அதை நிறுத்த முடியாதுன்னா ஸ்லீவ்தான் சேஃப். குடிக்கறவங்களுக்கு பைபாஸுக்கு அப்புறம் ரெண்டு ரவுண்டே நாலா ஏறும். இனிப்பு சாப்பிட்டா டம்பிங், அதாவது அது சட்டுன்னு குடலுக்குள்ள கொட்டி உடம்பை படுத்தும், அக்கா ஒரு கல்யாணத்துல பால் பாயசம் ஒரு டம்ளர் குடிச்சுட்டு வேர்த்து படபடத்து மண்டபத்துலயே படுத்துட்டா, அன்னைலருந்து பாயசம் பக்கம் போறதில்ல. எனக்கு ஸ்லீவ்ல அந்த காவல் பெருசா இல்ல, ஐஸ்கிரீம் வழுக்கிக்கிட்டு இறங்கும், என் ஒன்பது கிலோ அப்படித்தான் திரும்பி வந்துச்சு.

பைபாஸ்ல இன்னொண்ணு, பழைய இரைப்பையை அதுக்கப்புறம் சாதாரண எண்டோஸ்கோப்பில பாக்க முடியாது, பித்தக்குழாய்ல கல் வந்தா வாய் வழியா குழாய் விட்டு அதை எடுக்கற ஈஆர்சிபி பண்றதும் சிக்கல். குடும்பத்துல இரைப்பை கேன்சர் இருந்தா கண்டிப்பா டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. அப்புறம் பல வருஷம் கழிச்சு கூட குடல் உள்ளுக்குள்ளயே இடுக்குல மாட்டிக்கலாம், இன்டர்னல் ஹெர்னியான்னு பேரு. வயித்தை புடிச்சு முறுக்கற மாதிரி வலி வந்தா ஓமத்தண்ணி குடிச்சுட்டு "கேஸ்தான்"னு படுக்காதீங்க, அன்னைக்கே சிடி ஸ்கேன் எடுக்கற இடத்துக்கு போய் எனக்கு இரைப்பையில பைபாஸ் ஆயிருக்குன்னு வாயை திறந்து சொல்லுங்க, வெறும் பைபாஸ்னு சொன்னா ஹார்ட்டுன்னு நினைச்சுக்கிட்டு ஈசிஜி எடுப்பாங்க. ஸ்லீவ்ல பெரிய பயம் முதல் சில வாரத்துல தையல் கசியறது, அபூர்வம், வந்தா மாசக்கணக்குல இழுக்கும்.

மத்ததை சுருக்கமா சொல்லிடறேன். இரைப்பையை சுத்தி வளையம் மாட்டற பேண்ட் இப்ப பெருசா யாரும் பண்றதில்ல, நழுவும், அரிக்கும், நிறைய பேர் எடுத்துட்டாங்க. பலூன் இரைப்பைக்குள்ள பெரும்பாலும் ஆறு மாசம் வச்சு எடுக்கறது, எடுத்ததும் நிறைய பேருக்கு எடை திரும்பிடும். ஸ்லீவோட சேத்து குடலையும் நிறைய தாண்டி விடற டியோடினல் ஸ்விட்ச், சாடி எல்லாம் பெரும்பாலும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவுங்கற கணக்கு, 50க்கு மேல இருக்கறவங்களுக்கு, எடை நல்லா குறையும், பேதியும் சத்துக்குறைவும் அதிகம். ஊசி இப்ப எல்லார் வாயிலயும் இருக்கு, மௌன்ஜாரோவும் வீகோவியும் 2025லதான் நம்ம நாட்டுக்கு வந்துச்சு. ஆராய்ச்சில வீகோவில இருக்கற செமாகுளுடைடுக்கு சராசரி 15 சதவீதம், மௌன்ஜாரோவுல இருக்கற டிர்செபடைடு பெரிய டோஸுக்கு 20 சதவீதம் கிட்ட எடை குறைஞ்சிருக்கு, நிறுத்தினா பெரும்பகுதி திரும்புது. பிஎம்ஐ 30, 32ல இருக்கறவங்க கத்திக்கு போறதுக்கு முன்னாடி இதை கேட்டுப் பாக்கறதுல தப்பே இல்ல.

காசு. நாங்க கேட்ட இடத்துல பைபாஸுக்கு ஸ்லீவை விட ஐம்பதாயிரம் கூட சொன்னாங்க. இன்சூரன்ஸ் விதி வேற மாதிரி: டாக்டருங்க ஆசியாக்காரங்களுக்கு 27.5லயே யோசிக்கலாம்னு 2022ல வழிகாட்டுதல் மாத்தினாங்க, ஆனா பாலிசி விதியில இன்னும் பிஎம்ஐ 40, இல்லன்னா 35ஓட கட்டுப்படாத சுகர், தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்ற மோசமான ஸ்லீப் ஆப்னியா மாதிரி ஒண்ணு சேந்திருக்கணும். அக்காவுக்கு 36, அந்த 9.4 ரிப்போர்ட்தான் க்ளெய்மை காப்பாத்துச்சு.

ஆக நெஞ்செரிச்சல் இல்ல, சுகர் இருந்தாலும் புதுசாவோ லேசாவோதான் இருக்கு, வலி மாத்திரை தேவை, மாத்திரை டப்பாவை மறக்கற ஆளுன்னா நான் ஸ்லீவ்தான் சொல்லுவேன். எதுக்களிப்போ இன்சுலினோ இருந்து டெஸ்டுக்கு ஒழுங்கா போவீங்கன்னா ரூ-என்-ஒய். மினி பைபாஸை நான் யாருக்கும் முதல் சாய்ஸா சொல்ல மாட்டேன், சொல்ற டாக்டர்கிட்ட எத்தனை சென்டிமீட்டர் சுத்தப் போறீங்கன்னு கேளுங்க.

எனக்கு இப்ப ஸ்லீவை ரூ-என்-ஒய்யா மாத்திடலாம்னு புது டாக்டர் சொல்லியிருக்காரு. அடுத்த மாசம் மூக்கு வழியா குழாய் விட்டு 24 மணி நேரம் அமிலம் அளக்கற டெஸ்ட். இந்த தடவை ரிப்போர்ட்டை அக்காதான் படிக்கப் போறா.