சீனி டப்பாவை ஒளித்து வைத்த அம்மாவும் பிரிக்பீல்ட்ஸ் மாடியும்

எனக்கு டைப் 1 நீரிழிவு, 16 வயதில் வந்தது, இப்போது 23. வேலை முடிந்து வீட்டுக் கதவைத் திறந்ததும் இரத்தச் சர்க்கரையைப் பற்றி அம்மா கேட்பது "எவ்வளவு காட்டுது?" என்பதுதான். 14 (இங்கே mmol/L கணக்கு) என்றால் முகம் சுருங்கிவிடும், அதனால் 8 என்று சொல்லப் பழகிவிட்டேன்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிளினிக் மாடியில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு எங்களைப் போன்ற இளவட்டங்களுக்குச் சந்திப்பு நடக்கிறது. கட்டணம் 10 வெள்ளி, தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) உண்டு. மூன்று முறை போய்விட்டேன். குறையை முதலில் சொல்லிவிடுகிறேன்: 10 மணி என்றால் 10.40க்குத்தான் ஆரம்பிக்கிறார்கள், அதிலும் ஒரு தடவை கையில் ஒட்டிச் சர்க்கரை பார்க்கும் சென்சர் விற்க வந்தவர் அரை மணி நேரத்தை விழுங்கிவிட்டார், என் சம்பளத்துக்கு அது கட்டுப்படியாகவே ஆகாது.

மூன்றாவது முறை வீட்டாரையும் அழைத்து வரச் சொன்னார்கள். உணவு டெலிவரி செய்யும் ஒரு பையன், மோட்டார் ஓட்டும்போதே சர்க்கரை இறங்கிக் கை நடுங்கிய கதையைச் சொன்னான். இப்போது கூட்டாளி ஒருவனிடம் மட்டும் "நான் உளற ஆரம்பிச்சா இனிப்புச் சிராப் தண்ணி வாங்கிக் கொடு" என்று சொல்லி வைத்திருக்கிறானாம். மிஸ்ஸி (தாதி) அங்கேயே விளக்கினார்: 4க்குக் கீழே போனால் உடனே 15 கிராம் சீனி, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். ஏழு வருடமாக எங்கள் வீட்டில் சீனி டப்பா ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது!

அப்புறம்தான் விஷயமே வெளியே வந்தது. சின்ன வயதில் மிட்டாய் வாங்கிக் கொடுத்ததால்தான் பிள்ளைக்கு இப்படி ஆனது என்று சொந்தக்காரர்கள் சொன்னதை அம்மா இன்னும் நம்பிக்கொண்டிருந்தார். டைப் 1 அப்படி வருவதில்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது என்று மிஸ்ஸி இரண்டு முறை, அவசரப்படாமல் சொன்னார். இதை நானே சொல்லியிருக்கலாம். அம்மா மனதில் அது இருந்ததே எனக்குத் தெரியாது.

"வந்ததும் சாப்பிட்டியான்னு கேளுங்க, நம்பர் அப்புறம்" என்று மிஸ்ஸி சொன்னதற்கு மட்டும் அம்மாவுக்குக் கோபம். "பெத்தவ கேட்கக்கூடாதா?" என்றார். வீடு வரைக்கும் பேசவில்லை.

நேற்று "சாப்பிட்டியா?" என்றார். இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை, "எவ்வளவு?" என்றார். 13.2 என்றேன். நிஜமாகவே 13.2தான்.

போகிறவர்கள் மோனோரயிலில் போங்கள், கார் நிறுத்த இடம் தேடியே அலுத்துவிடும். லிஃப்ட் கிடையாது.