சப்மரைனர் காப்பியா, டியூரோவா, பழைய ஜனதாவா? முதல் வாட்ச் வாங்கும் குமரி மாவட்டத்துத் தம்பிகளுக்கு

கல்ஃபிலிருந்து லீவுக்கு வரும் அத்தானோ மாமாவோ பெட்டியைத் திறந்தால், கோடாலித் தைலத்துக்கும் பாதாம் பாக்கெட்டுக்கும் நடுவில் ஒரு வாட்ச் டப்பா இருக்கும். எனக்கும் அப்படித்தான் ஒன்று வந்தது. கறுப்பு டயல், சுற்றித் திருப்பும் வளையம், தேதியின் மேல் குமிழ் போல ஒரு சின்னக் கண்ணாடி, பன்னிரண்டு மணிக்குக் கீழே ஐந்து முனைக் கிரீடம். ரோலக்ஸ் சப்மரைனர். ஃபர்ஸ்ட் காப்பி, அதாவது அசல் போலவே செய்த போலி என்று அத்தான் மறைக்காமல் சொல்லித்தான் தந்தார். அதைக் கட்டிக்கொண்டு ஒரு கல்யாண வீட்டுக்குப் போனபோது நாலு பேர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்கள். அந்தச் சந்தோஷத்தை நான் மறுக்கமாட்டேன்.

இப்போது பக்கத்து வீட்டுத் தம்பிகள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். "அண்ணே, கையில அஞ்சாயிரம் இருக்கு, கூடக் கொஞ்சம் போட்டுக்கலாம். ஃபர்ஸ்ட் காப்பி வாங்கவா, வேற ஏதாவது பாக்கவா?" இந்தப் பணத்துக்கு உண்மையில் போட்டியில் நிற்பவை நான்கு: காப்பி, அதே சாயலில் சொந்தப் பெயரோடு வரும் வாட்ச், டைட்டன் மாதிரி நம்ம நாட்டு வாட்ச், மத்திய அரசு நிறுவனம் ஒருகாலத்தில் செய்த பழைய எச்.எம்.டி. நான்கையும் கட்டிப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

முதலில் காப்பி எதைக் காப்பியடிக்கிறது என்று தெரிய வேண்டும். சப்மரைனர் 1953இல் முக்குளிப்பவர்களுக்காக வந்த வாட்ச். வளையத்தைச் சுற்றி வைத்தால் தண்ணீருக்குள் எத்தனை நிமிடம் ஆனது என்று பார்க்கலாம். கிரவுன் எனப்படும் சாவி, திருகாணி போல உள்ளே இறுகும். இன்றைய சப்மரைனர் 300 மீட்டர் ஆழத்துக்குத் தாங்கும் என்று கம்பெனி உறுதி தருகிறது. உள்ளே இருக்கும் மெஷின் நொடிக்கு எட்டுத் துடிப்பு துடிப்பதால் நொடிமுள் வழுக்கிக்கொண்டு போவது போலத் தெரியும். விலை பல லட்சம். காப்பி எடுப்பவர் இதில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எடுக்கிறார். வளையம் வரும், கிரீடம் வரும், குமிழ்க் கண்ணாடி வரும். தண்ணீரைத் தடுக்கிற பாகங்கள் கண்ணுக்குத் தெரியாதவை. செலவு மிச்சம் பிடிப்பது அங்கேதான்.

என் வாட்ச் மூன்றாவது மாதம் முட்டம் கடற்கரையில் போனது. கடலில் இறங்கவில்லை. பாறையில் உட்கார்ந்திருந்தபோது அலை அடித்துத் தெறித்தது, அவ்வளவுதான். மறுநாள் காலையில் கண்ணாடிக்கு உள்பக்கம் அடுப்படி ஜன்னல் போல ஆவி படிந்திருந்தது. வெயிலில் வைத்தேன், ஆவி போனது. சாயங்காலம் திரும்ப வந்தது. நாலாம் நாள் தேதி மாறும்போது முள் சிக்கி நின்றுவிட்டது.

நாகர்கோவிலில் எனக்குப் பழக்கமான வாட்ச் ரிப்பேர் அண்ணாச்சி ஒருவரிடம் கொண்டுபோனேன். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பின்மூடியைத் திருகிக் கழற்றினார். மூடிக்கும் உடலுக்கும் நடுவில் ரப்பர் வளையம் படுத்திருக்க வேண்டிய பள்ளம் காலியாகக் கிடந்தது. "மக்களே, இதுல வாஷரே கெடையாது, பாத்தியா?" என்று இடுக்கியின் நுனியால் அந்தப் பள்ளத்தைச் சுற்றிக் காட்டினார். சாவியைத் திருகினால் ஒன்றரைச் சுற்றில் மரை வழுகியது. உள்ளே ஒரு திருகின் தலையில் பச்சைப் பூப்பு ஏறியிருந்தது. மெஷின் மேல் கம்பெனிப் பெயர் எதுவும் இல்லை. பாகம் கிடைக்குமா என்று கேட்டேன். இதே மாதிரி இன்னொரு காப்பியை உடைத்தால்தான் பாகம், அதுவும் அளவு ஒத்துவருமா என்று சொல்ல முடியாது என்றார். கூலி வாங்காமல் மூடிக் கையில் தந்தார்.

அன்றைக்கு எனக்கு ஒரு அளவுகோல் கிடைத்தது. மூன்று பக்கமும் உப்புக் காற்று, வருசத்தில் இரண்டு மழைக்காலம், மிச்ச நாளெல்லாம் வியர்வை. இந்த மாவட்டத்தில் எந்த வாட்சும் என்றாவது ஒருநாள் திறக்கப்படத்தான் செய்யும். அதைத் திறந்து சரிபண்ணி, அதே இறுக்கத்தில் மூடித் தர ஆளும் பாகமும் உண்டா என்பதுதான் கேள்வி. மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

காப்பி விற்பவர்கள் "மாஸ்டர் காப்பி", "ஏழு ஏ" என்றெல்லாம் தரம் சொல்வார்கள். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் எந்தச் சோதனையும் இல்லை, கடைக்காரர் வைத்ததுதான் தரம். சில அடையாளங்களை மட்டும் சொல்லிவைக்கிறேன், ஒரிஜினல் என்று சொல்லி யாராவது காப்பியைத் தலையில் கட்டும்போது உதவும். சப்மரைனருக்குப் பின்மூடி முழுக்க உலோகம், பின்னால் கண்ணாடி வைத்து மெஷின் தெரிந்தால் அது அவர்கள் செய்ததல்ல. தேதிமேல் இருக்கும் குமிழ், எண்ணை இரண்டரை மடங்கு பெரிதாக்கிக் காட்ட வேண்டும். காப்பிகள் பலவற்றில் எண் சின்னதாகவே கிடக்கும். ரோலக்ஸின் இன்னொரு மாடலான டேடோனாவின் காப்பி என்றால் உள்ளே இருக்கும் மூன்று சின்ன வட்டங்களைப் பாருங்கள். ஒரிஜினலில் அவை ஸ்டாப் வாட்ச் கணக்குக்காகவும் ஓடும் நொடிக்காகவும் இருப்பவை. மலிவுக் காப்பிகளில் கிழமையும் தேதியும் காட்டும், அல்லது வெறும் படமாக நிற்கும்.

ஐம்பதாயிரத்தைத் தொடும் காப்பிகளும் உண்டு. நேர்மையாகச் சொன்னால் அவற்றில் சில நன்றாகவே செய்யப்பட்டவை, கையில் வைத்துப் பார்த்தால் எனக்கே வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்தப் பணத்துக்கு ஜப்பானின் சீக்கோவோ சுவிஸின் டிசாட்டோ பில்லோடு வாங்கலாம். அந்தக் காப்பி பழுதானால் கம்பெனி சர்வீசில் தொடமாட்டார்கள், வெளியே கொடுத்தால் பாகம் இல்லை. அப்புறம் சட்டம். 1999ஆம் வருட வணிகக் குறிச் சட்டப்படி, போலிப் பெயர் போட்ட பொருளை விற்பவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதமும் உண்டு. கட்டிக்கொண்டு நடப்பவரைத் தேடிவந்து யாரும் பிடிப்பதில்லை. ஆனால் அலுத்துப்போய் அதை நீங்கள் இன்னொருவருக்கு விற்கும்போது விற்பவர் நீங்கள்தான். நண்பனுக்குத்தானே கொடுக்கிறோம் என்று பல தம்பிகள் இதை யோசிப்பதே இல்லை.

சரி, அந்தச் சாயல்தான் வேண்டும், கறுப்பு டயலும் வளையமும்தான் ஆசை என்பவர்களுக்கு வழி இருக்கிறது. கேசியோ டியூரோ. ஆடம்பரப் பெட்டியில் வைத்து விற்பதில்லை, வெல்வெட் துணி இல்லை. ஆனால் பின்மூடி திருகி இறுகுகிறது, சாவியும் திருகி இறுகுகிறது, 200 மீட்டர் தாங்கும் என்று டயலிலேயே எழுதியிருக்கிறது. பத்தாயிரத்துக்குள் முடிந்துவிடும். உலகப் பணக்காரர்களில் ஒருவரான பில் கேட்ஸ் கையில் இதைப் பார்த்தவர்கள் உண்டு. செல் போட்டு ஓடும் குவார்ட்ஸ் என்பதால் நொடிமுள் தட்டித் தட்டித்தான் போகும். ஆனால் மணி பார்க்கும் வேலையில் எந்தத் தானியங்கி வாட்சையும் இது முந்தும். உள்ளே ஒரு படிகத் துண்டு நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது, மாதத்தில் 20 நொடிக்கு மேல் பிசகாது என்று கம்பெனி சொல்கிறது. செல் மாற்றும்போது அந்த ரப்பர் வளையத்தையும் பார்த்து மாற்றச் சொல்லுங்கள், அவ்வளவே. குறை என்றால் ஒன்று: 44 மில்லிமீட்டர் அகலம். மெலிந்த கைக்குப் பெரிதாகத் தெரியும்.

கையை ஆட்டினால் தானே சாவி ஏறும் வாட்ச்தான் வேண்டும் என்றால், இதே சாயலில் பகானி டிசைன், இன்விக்டா போன்ற பெயர்களில் கிடைக்கும். யாருடைய கிரீடமும் போடாமல் சொந்தப் பெயர் போட்டு வருபவை. இவற்றில் பலவற்றின் உள்ளே சீக்கோ குழுமம் செய்யும் என்.எச். 35 மெஷின் இருக்கும். 24 கல் (தேய்மானம் குறைக்க மெஷினுக்குள் வைக்கும் சின்னக் கற்கள்), கழற்றி வைத்தால் 41 மணி நேரம் ஓடும். நாளைக்கு 20 நொடி பின்னாலும் 40 நொடி முன்னாலும் போகலாம் என்று அவர்களே சொல்கிறார்கள், அதை எதிர்பார்த்து வாங்குங்கள். உலகம் முழுக்கப் புழங்கும் மெஷின் என்பதால் கெட்டால் முழுசாகவே மாற்றிவிடலாம். வாங்குமுன் விற்பவரிடம் உள்ளே என்ன மெஷின் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த கடை.

டைட்டனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, தெரியாதவர் இல்லை. டாடாவும் நம்ம தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய கம்பெனி, தொழிற்சாலை ஓசூரில். பள்ளிக்கூட வாத்தியார், பேங்கில் வேலை செய்பவர், சட்டைக் கைக்குள் அடங்கும் மெல்லிய வாட்ச் வேண்டுபவர் எல்லாருக்கும் முதல் வாட்ச் இதுதான் என்பது என் கருத்து. செல் மாற்ற, செயினில் கண்ணி எடுக்க, கண்ணாடி மாற்ற நாகர்கோவிலைத் தாண்டிப் போக வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பின்மூடியில் 30 மீட்டர் என்று இருந்தால், அது முப்பது மீட்டர் ஆழத்தில் நீந்தலாம் என்ற அர்த்தமல்ல. மழைத் தூறலும் கைகழுவும்போது தெறிப்பதும் தாங்கும், அவ்வளவுதான். 50 என்றால் ஓரளவு தண்ணீர். குளத்திலோ கடலிலோ நீந்த 100 வேண்டும். சின்னமுட்டத்திலிருந்தோ தேங்காப்பட்டணத்திலிருந்தோ வள்ளத்தில் போகிறவர் 200ஐப் பார்த்து வாங்குவது நல்லது.

இனி எச்.எம்.டி. இதைப் பேசும்போது என்னால் நடுநிலையாக இருக்க முடியாது. அப்பா கையில் அவர்களுடைய ஜனதா மாடல் இருந்தது. காலையில் பல் தேய்த்து முடித்ததும் கட்டிலில் உட்கார்ந்து, விரல் இரண்டால் சாவியை முன்னும் பின்னுமாகத் திருகுவார். தடை தட்டும்போது நிறுத்திவிடுவார், அதற்கு மேல் ஒரு இழை திருக மாட்டார். 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியின் உதவியோடு பெங்களூரில் தொடங்கியது அந்தத் தொழிற்சாலை. 2016இல் மத்திய அரசு எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட முடிவெடுத்தது. ஆனாலும் பழைய ஜனதாவும் பைலட் என்ற இன்னொரு மாடலும் இன்றைக்கும் சில ஆயிரம் ரூபாய்க்குக் கைமாறுகின்றன. 17 கல், கையால் சாவி கொடுப்பது, ஒரு நாளைக்கு ஒரு முறை. நம்ம ஊரில் வயதான ரிப்பேர்காரர் யாருக்கும் இந்த மெஷினைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கழற்றத் தெரியும். என் அளவுகோலில் இதற்குத்தான் முதல் இடம்.

ஆனால் இங்கேயும் ஏமாற்று உண்டு, அதனால்தான் காப்பி பற்றிய கட்டுரையில் இதை இழுத்தேன். உடைந்த பழைய வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்து, டயலுக்குப் புதிதாகச் சாயமடித்து, "பயன்படுத்தாத பழைய ஸ்டாக்" என்று ஆன்லைனில் விற்கிறார்கள். ஆரஞ்சு, கிளிப்பச்சை டயலில் பைலட் என்று கண்டால் ஒதுங்குங்கள். நாற்பது வயது வாட்சின் டயலில் கொஞ்சம் பழுப்பு இருப்பதுதான் இயல்பு, எழுத்தின் ஓரங்கள் கூர்மையாக இருக்க வேண்டும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் மறுசாயத்தில் எழுத்து தடித்து, நிமிடக் கோடுகள் ஒன்றுக்கொன்று இடைவெளி மாறித் தெரியும். முடிந்தால் தெரிந்த குடும்பத்திலிருந்து வாங்குங்கள், தாத்தாவின் பீரோவில் ஒன்று கிடக்காத வீடு குறைவு. தண்ணீர் மட்டும் இதற்கு ஆகாது. மழை என்றால் கழற்றிப் பையில் வையுங்கள்.

எதை வாங்கினாலும் கட்டுகிற முறை ஒன்று இருக்கிறது. வாட்சில் பட்டையைக் கோக்கும் மேல்காதிலிருந்து கீழ்க்காது வரை உள்ள நீளம் மணிக்கட்டின் அகலத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் கடன் வாங்கிய வாட்ச் போலத் தெரியும். செயின் வாட்ச் என்றால் சுண்டுவிரல் நுழையும் அளவு தளர்வு விட்டுக் கண்ணி எடுக்கச் சொல்லுங்கள், சித்திரை வெயிலில் கை வீங்கும். கடற்கரைக்குப் போய்வந்தால், தண்ணீர் தாங்கும் வாட்சாக இருந்தால், சாவி இறுகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நல்ல தண்ணீரில் அலசித் துடையுங்கள். செயின் கண்ணிகளுக்குள் காயும் உப்புதான் அதைத் தின்கிறது. மட்டமான முலாம் போட்ட செயினில் நிக்கல் இருக்கும், வியர்வை பட்டுச் சிலருக்குத் தோல் சிவந்து அரிக்கும். குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டப் போகும் என் கூட்டாளிக்கு ஒரு காப்பிச் செயினால் வந்த தடிப்பு ஆற ஒரு மாதம் ஆனது. அவனுக்கு ரெசின் பட்டை வைத்த கேசியோ எஃப் 91 டபிள்யூ வாங்கிக் கொடுத்தோம். 21 கிராம்தான் எடை, கையில் இருப்பதே தெரியாது. அதற்கும் போலி உண்டு: வலப்பக்கப் பொத்தானை மூன்று நொடி அழுத்திப் பிடித்தால் திரையில் கம்பெனிப் பெயர் எழ வேண்டும். கடையிலேயே அழுத்திப் பார்த்தோம், எழுந்தது.

போன மாதம் அத்தான் துபாயிலிருந்து கூப்பிட்டார். மருமகனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்துவிட்டது, என்ன வாட்ச் வாங்கட்டும் என்று கேட்டார். டியூரோ சொன்னேன், பில்லும் வாரண்டி அட்டையும் மறக்காமல் பெட்டியிலேயே வையுங்கள் என்றேன். அப்பாவின் ஜனதாவைப் போன வாரம் அண்ணாச்சியிடம் எண்ணெய் போடக் கொடுத்திருக்கிறேன், சனிக்கிழமை வாங்கிக்கொள்ளச் சொன்னார்.