பத்தாயிரம் ரூபாய்க் கிட்டாரும் தந்தி உயரமும்

அலுவலக நண்பர் ஒருவர், கல்லூரியில் சேரப்போகும் தம் மகளுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குள் நல்ல அக்கூஸ்டிக் கிட்டார் எது என்று கேட்டார். ஏறத்தாழ அதே விலைக்கு வாங்கிய கிட்டாரைத்தான் சென்னையில், கடற்காற்று புகும் வீட்டில், பல ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். அதன் ஒலியை மனமாரப் பாராட்டுவேன். ஆனால் சென்ற வாரம் பழுதுபார்ப்பவரிடமிருந்து திரும்பி வந்த பிறகுதான், வாங்கிய நாளிலேயே எப்படி இருந்திருக்க வேண்டுமோ அப்படி அது ஆகியிருக்கிறது. அந்தக் கோபம் இன்னும் தணியவில்லை. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. தந்திகள் தேவைக்கு மேல் உயரமாக நிற்பது, இந்த விலையில் விற்கும் கிட்டார்களில் பரவலாகக் காணப்படும் குறைதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதன் மேற்பலகை மெல்லிய அடுக்குகளை ஒட்டிச் செய்த லேமினேட். சாலிட் டாப், அதாவது அடுக்குகள் இல்லாத முழு மர மேற்பலகை, இல்லாத கிட்டாரைத் தொடவே கூடாது என்று பலர் அறிவுரை சொல்வதுண்டு. சாலிட் டாப்பின் ஒலி விரிவானது, வாசிக்க வாசிக்க மெருகேறுவது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு 45 முதல் 55 விழுக்காடு வரையிலான ஈரப்பதமே உகந்தது. வடகிழக்குப் பருவமழையின்போது சென்னையில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கம். ஈரத்தை உறிஞ்சிய மரப்பலகை உப்பி, தந்திகளைப் பிணைத்துவைக்கும் பிரிட்ஜைத் தூக்கி, தந்திகளையும் மேலே கொண்டுபோய்விடும். என் லேமினேட் கிட்டாரோ உறைகூட இல்லாமல் சுவரில் தொங்கியபடியே மழைக்காலங்களைக் கடந்துவந்திருக்கிறது. பலகை உப்பவில்லை, பிரிட்ஜ் பெயரவில்லை. தந்திகள்தான் உப்புக்காற்றில் துருப்பிடிக்கின்றன, அது எந்தக் கிட்டாருக்கும் நேர்வது. பாட்டுக்குத் துணையாக ஸ்ட்ரம் செய்யும்போது குரலை அமுக்காமல், நடு ஸ்தாயியில் தெளிவாக ஒலிக்கும் இதன் நாதம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இத்தனை நன்மையையும் மறக்கடிப்பது தந்தி உயரம், கிட்டார் வாசிப்பவர்கள் ஆக்‌ஷன் என்று சொல்வது. கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளே ஃபிரெட்டுகள். 12ஆம் ஃபிரெட்டில், தடித்த ஆறாம் தந்தியின் அடிப்பக்கத்துக்கும் ஃபிரெட் கம்பிக்கும் இடையே சுமார் 2.5 மில்லிமீட்டர் இருந்தால் வாசிக்கச் சுகம். மெல்லிய முதல் தந்திக்கு 2 மில்லிமீட்டருக்குள் போதும். எஃகு ஸ்கேலை வைத்துப் பார்த்தபோது என்னுடையதில் ஆறாம் தந்தி 4 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. முதல் தந்தி .012 அங்குலப் பருமனுள்ள தொகுப்பின் ஆறு தந்திகளும் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேற்பட்ட இழுவிசையைத் தாங்கி நிற்பவை என்னும்போது, கூடுதலான ஒவ்வொரு அரை மில்லிமீட்டருக்கும் விலை கொடுப்பது விரல்நுனிதான். ஆள்காட்டி விரலால் எல்லாத் தந்திகளையும் ஒருசேர அழுத்தவேண்டிய எஃப் பார் கார்டைப் பிடித்தால் இரண்டு தந்திகள் ஒலிக்கும், மற்றவை அடங்கிப்போகும்.

கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகளைப் பள்ளங்களில் தாங்கும் சிறு பட்டையான நட்டும் உயரமாகவே இருந்தது. இதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை, ஏனெனில் இது சுருதியைக் கெடுக்கிறது. நட்டின் பள்ளங்களுக்குப் போதிய ஆழம் இல்லாதபோது, முதல் ஃபிரெட்டில் அழுத்தினால் தந்தி கூடுதலாக இழுபட்டுச் சுருதி ஏறிவிடுகிறது. ஆறு தந்திகளையும் டியூனரில் துல்லியமாகச் சேர்த்துவிட்டு இரண்டாம் தந்தியின் முதல் ஃபிரெட்டை மீட்டினால், முள் நடுவில் நிற்காமல் வலப்பக்கம் சாய்ந்தது. சி கார்டுக்கு ஆதாரமான ஸ்வரமே அதுதான். ஆதாரம் விலகியபின் அந்தக் கார்டு எப்படி இனிக்கும்? தம்புராவைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது தாங்காது. எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் கேப்போவை முதல் ஃபிரெட்டில் மாட்டி மீண்டும் சுருதி சேர்த்ததும் அதே கிட்டார் இணக்கமாகிவிட்டால், கோளாறு நட்டில்தான் என்று தெரிந்துகொள்ளலாம்.

பழுதுபார்த்தவர் முதலில் நெக்குக்குள், அதாவது கழுத்துக்குள், ஓடும் உலோகத் தண்டான டிரஸ் ராடை ஆலன் கீயால் சற்றே திருகி நெக்கின் வளைவைச் சரிசெய்தார். (தந்தியைத் தாழ்த்த டிரஸ் ராடைத் திருகச் சொல்லும் காணொளிகளை நம்பவேண்டாம், அது நெக்கின் வளைவுக்கு மட்டுமே உரியது.) பிறகு நட்டின் ஒவ்வொரு பள்ளத்தையும் அந்தந்தத் தந்தியின் பருமனுக்கு ஏற்ற மெல்லிய அரத்தால் இழைத்து, மூன்றாம் ஃபிரெட்டில் அழுத்தும்போது முதல் ஃபிரெட்டின் மேல் மயிரிழை இடைவெளி மட்டும் தெரியும்வரை ஆழப்படுத்தினார். கடைசியில் பிரிட்ஜின்மேல் தந்திகளைத் தாங்கும் சேடிலைக் கழற்றி, அடியில் பென்சிலால் கோடு போட்டு, கண்ணாடிமேல் ஒட்டிய உப்புத்தாளில் அந்தக் கோடு வரை தேய்த்தார். 12ஆம் ஃபிரெட் நட்டுக்கும் சேடிலுக்கும் நடுவில் இருப்பதால், அங்கே 1 மில்லிமீட்டர் தாழ்த்தச் சேடிலில் 2 மில்லிமீட்டர் குறைக்கவேண்டும். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. கூலி 900 ரூபாய்.

இந்தச் சிறு வேலையைச் செய்யாமல் ஏன் விற்கிறார்கள்? தந்தி தாழ்வாக இருந்து ஃபிரெட்டில் உரசி இரைந்தால், வாங்கியவர் மறுநாளே திருப்பித் தருவார். உயரமாக இருந்தாலோ அவர் கிட்டாரைக் குறைசொல்வதில்லை. தம் விரலில் வலு இல்லை, தமக்குச் சங்கீதம் வராது என்று முடிவுகட்டிப் பரண்மேல் ஏற்றிவிடுகிறார். அப்படி ஒதுங்கிப்போன நல்ல ரசிகர்களை எனக்குத் தெரியும்.

ஆகவே, ஒலியையும் உழைப்பையும் இவ்வளவு பாராட்டிய பிறகும், இந்தக் கிட்டாரை வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு இன்று மனம் வரவில்லை. தொடக்கநிலைக் கிட்டார்களில் பலரும் கேட்டு வாங்கும் யமஹா எஃப்310இல் நட்டிலிருந்து சேடில் வரையிலான தந்தி நீளம் 634 மில்லிமீட்டர் என்பதால், ஃபிரெட்டுகள் சற்று நெருங்கியும் இழுவிசை சற்றுக் குறைந்தும் இருக்கும். சிறு கைகளுக்கு அது எளிது. பணம் கூடுதலாக இருந்தால் சாலிட் ஸ்ப்ரூஸ் மேற்பலகையுள்ள எஃப்ஜி800 இருக்கிறது, அதன் நீளம் 650. எதை வாங்கினாலும் கடைக்கு நேரில் சென்று, 12ஆம் ஃபிரெட்டில் ஸ்கேல் வைத்து அளந்து, .010 அளவுத் தந்திகளை மாட்டி, பில் போடும் முன்பே செட்அப், அதாவது மேலே சொன்ன சீரமைப்பு, செய்துதரச் சொல்லவேண்டும். மறுக்கும் கடையில் வாங்கவேண்டாம். இணையத்தில்தான் வாங்கமுடியும் என்றால், செட்அப்புக்கு ஆயிரம் ரூபாயை முதலில் ஒதுக்கிவிட்டு மீதித் தொகைக்குள் கிட்டாரைத் தேடுங்கள்.