மொட்டைமாடி மின்சாரம்: யார் கணக்கில் எவ்வளவு?

மதுரை கூடல் நகர்ப் பக்கம் 12 வீடுகளும் ஒரு லிஃப்டும் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மொட்டைமாடியில் 10 கிலோவாட் அளவுக்குச் சூரியத் தகடு பதித்தால், நாளொன்றுக்குச் சராசரியாக 40 யூனிட் கிடைக்கும். எந்தக் கம்பெனித் தகடு நல்லது என்று கூட்டம் கூட்டமாகப் பேசுகிறோம். அந்த 40 யூனிட்டை யார் கணக்கில் வரவு வைப்பது என்று பேசுவதில்லை. மனத்தாங்கல் பிறப்பதோ அங்கேதான்.

முதல் வழி நிலையான பங்கு. உற்பத்தி முழுவதும் மின்வாரியத்தின் பொதுக் கம்பிக்குப் போகும். முன்பே எழுதிக்கொண்ட விகிதப்படி ஒவ்வொரு வீட்டு பில்லிலும் யூனிட் கழியும். டெல்லியின் 2019 மெய்நிகர் நிகர அளவீட்டு (ஓரிடத்துச் சூரிய மின்சாரத்தைப் பலரின் பில்களில் கழிக்கும்) விதிகள் இத்தகையவை. பில்லைப் பார்த்து யாரும் சரிபார்த்துவிடலாம் என்பது இதன் பெரிய பலம்.

இரண்டாவது, மணிக்கு மணி மாறும் பங்கு. அந்தந்த மணியில் யார் எவ்வளவு எடுக்கிறார்களோ அதற்கேற்பப் பங்கு அமையும். ஆஸ்திரியாவின் 2021 சட்டம் இவ்விரண்டில் எதை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ள ஆற்றல் சமூகங்களை, அதாவது சேர்ந்து மின்சாரம் தயாரித்துப் பகிர்ந்துகொள்ளும் குழுக்களை, அனுமதிக்கிறது. இத்தாலியிலோ ஒரே துணைமின் நிலையத்தின் கீழுள்ள உறுப்பினர்கள் அந்தந்த மணியில் செலுத்திய மின்சாரம், எடுத்த மின்சாரம் இரண்டில் எது குறைவோ அதுவே பகிர்ந்ததாகக் கணக்காகி, அதற்கு ஊக்கத்தொகை கிடைக்கிறது. மணிக்கு மணி மாறும் முறையில் பகல் 12 மணிக்கு இட்லி மாவு அரைக்கும் வீடு பயனடையும். காலையில் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போகும் வீட்டுக்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. மின்சாரம் வீணாகாது என்பது உண்மைதான். ஆனால் மாதக் கணக்கைச் செயலாளரே விளக்க முடியாமல் திணறுவார்.

மூன்றாவது, வீடுகளுக்குப் பிரிக்காமல் பொது இணைப்பிலேயே சேர்ப்பது. வெளிநாட்டு முறைகளில் காணாத ஒரு கணக்கு நம்மிடம் இருப்பதால் இதையே நான் முதலில் வைப்பேன். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 90 யூனிட்டில் காலந்தள்ளும் முதிய தம்பதிக்கு, முதலிரண்டு முறைகளிலும் வரும் பங்கினால் ஒரு ரூபாய்கூடக் குறையாது. மாடிப்படிக்குக் கீழே வரிசையாக இருக்கும் மீட்டர்களில் கடைசியாக உள்ள பொது மீட்டருக்கு அந்த இலவசம் கிடையாது. 3 குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினாலே இரண்டு யூனிட்டுக்கு மேல் ஏறிவிடும். லிஃப்டும் படிக்கட்டு விளக்குகளும் தனி. அந்த பில் இறங்கினால் மாதப் பராமரிப்புத் தொகை குறையும். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் அது சேரும். மத்திய அரசின் 2024 சூரிய வீடு திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியமும் உண்டு.

பொது மீட்டரின் தேவையோ 10 கிலோவாட்டை எட்டாமல் போகலாம். ஆகவே இரண்டு பருவத்துப் பொது பில்லை எடுத்து, நாள் சராசரியைக் கண்டு, அதை ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு 4 யூனிட் என்று வகுத்து, அந்த அளவுக்கு மட்டும் முதலில் தகடு பதிக்கலாம். மிச்ச மாடியில் பிறகு பதிப்பதற்கு, ஒவ்வொரு வீடும் போட்ட முதலின் விகிதப்படி நிலையான பங்கு போதும். வடகம் காயப்போட இடம் விட்ட பிறகு எவ்வளவு மிஞ்சும் என்பது வேறு கேள்வி.