கேன் கிரீக் 40 ஹெட்செட்: 44 போதும், 1.8 எதற்கு?

ஹெட்செட் என்றால், ஃபிரேமின் முன்குழாயில் (ஹெட் டியூப்) ஃபோர்க் திரும்புவதற்கான பேரிங் தொகுதி. கேன் கிரீக் கம்பெனியின் 40 வரிசையை வாங்கலாமா என்றால், வாங்கலாம். உங்கள் ஃபிரேமின் ஹெட் டியூப் உள்விட்டம் 44 மி.மீ. என்றால், டேப்பர்டு ஃபோர்க் (தண்டு மேலே மெலிந்தும் அடியில் தடித்தும் இருப்பது) மாட்ட கேன் கிரீக் 40 வரிசையில் இந்த ஜோடி (குறியீட்டின் பொருள் பின்னால் வரும்): மேலே இசட்எஸ்44/28.6, கீழே ஈசி44/40. மேல் பாதி, கீழ் பாதி இரண்டையும் தனித்தனியாக விற்பதால் தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

நான் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை ஃபிட்டர். பம்பையும் மோட்டாரையும் பிரித்து பேரிங் மாற்றுவதுதான் பிழைப்பு. அதனால், "லேசா ஆடும், ஓட்ட ஓட்ட செட் ஆயிடும்" என்று சைக்கிள் கடையில் யாராவது சொன்னால் பற்றிக்கொண்டு வரும். ஆடுகிற பேரிங் எந்த ஊரிலும் தானாகச் செட் ஆனதில்லை.

வண்டி 29 இன்ச் ஸ்டீல் ஹார்ட்டெயில் (பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாதது). ஓட்டுவது செஸ்நட் பூங்காவின் மண் பாதையிலும், உபின் தீவில் கேத்தாம் பாதையிலும். செஸ்நட்டில் மழை விட்ட பிறகு செம்மண் ஃபோர்க்கின் கிரவுனுக்கு (கால்கள் சேரும் மேல்பகுதி) அடியில் அப்பிக்கொள்ளும். உபினுக்குப் படகில்தான் போக வேண்டும், உப்புத் தண்ணீர் தெறிக்காமல் கரை சேர்ந்தால் அதிசயம். முன் சக்கரம் வாரி அடிப்பதெல்லாம் நேராகக் கீழ் பேரிங்குக்குத்தான் போகும்.

எண்களைப் பற்றி: ஹெட்செட் கம்பெனிகள் சேர்ந்து ஏற்றுக்கொண்ட எஸ்எச்ஐஎஸ் குறியீடு இது. ஈசி என்றால் கப் (பேரிங் உட்காரும் கிண்ணம்) ஃபிரேமுக்கு வெளியே நிற்கும். இசட்எஸ் என்றால் உள்ளே இறங்கியிருக்கும். ஐஎஸ் என்றால் கப்பே கிடையாது, பேரிங் நேராக ஃபிரேமில் உட்காரும். முதல் எண் ஹெட் டியூபின் உள்விட்டம். சாய்கோட்டுக்குப் பின்னால் வருவது, மேல் பாதியில் ஸ்டீயரரின் (ஃபோர்க்கின் மேல் தண்டு) விட்டம், கீழ் பாதியில் கிரவுன் ரேஸ் (கீழ் பேரிங்கைத் தாங்கும் வளையம்) உட்காரும் இடத்தின் விட்டம். எனக்கு ஐஎஸ் பிடிக்காது. கப் தேய்ந்தால் கப்பை மாற்றலாம். ஃபிரேம் தேய்ந்தால் எதை மாற்றுவது?

பொருத்துவதற்குத் தனிக் கருவி வாங்கவில்லை. நீளமான மரை தண்டு, இரண்டு நட், தடித்த வாஷர்கள், அவ்வளவுதான். ஹெட் டியூபின் உள்பக்கம் பெயின்ட் ஒழுகி உறைந்திருந்ததைச் சுரண்டி, மெல்ல கிரீஸ் தடவி, கீழ் கப்பை வைத்து முறுக்கினேன். இதில் கை சொல்வதைக் கேட்க வேண்டும். கப் நேராகப் போனால் ஸ்பேனரில் இறுக்கம் ஒரே சீராக ஏறும். கோணினால் ஒரு பக்கம் சட்டென்று பிடிக்கும். இது கடைசி வரை சீராக இறங்கி, ஃபிரேமின் விளிம்பில் முட்டி நின்றது. சுற்றிலும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைய இடமில்லை. கடைசல் சுத்தம். இந்த விலையில் இதற்கு மேல் கேட்க மாட்டேன்.

கிரவுன் ரேஸைத் தட்டி இறக்கும்போது சுத்தியலை நேரடியாக வைக்காதீர்கள், சரியான அளவு பிவிசி பைப் துண்டு ஒன்று போதும். பேரிங்கின் மேல் 45x45 அல்லது 36x45 என்று கோணம் பொறித்திருக்கும். மாற்றும்போது அதே கோணம் வாங்குங்கள். விட்டம் மட்டும் பார்த்து வாங்கினால் ரேஸும் பேரிங்கும் ஒன்றுக்கொன்று சேராது, எவ்வளவு இறுக்கினாலும் ஆட்டம் நிற்காது.

பட்டறையில் என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவன், மின் சைக்கிள் வாங்கியவன், தினமும் இதே பேச்சு. "அண்ணே, 1.8 இன்ச் ஸ்டீயரர் வந்தாச்சு. நீங்க இன்னும் 44ஐ கட்டிக்கிட்டு அழுறீங்களே." சரி, கணக்குப் பார்ப்போம். சுவர் தடிமன் மாறாமல் குழாயை மட்டும் பெரிதாக்கினால் விறைப்பு விட்டத்தின் மும்மடிப்படி ஏறும். 28.6 மி.மீ.யிலிருந்து 38.1க்கு, அதாவது ஒன்றே அரைக்கால் இன்ச்சிலிருந்து ஒன்றரை இன்ச்சுக்குப் போனபோது கிடைத்தது சுமார் 2.4 மடங்கு. அங்கிருந்து 1.8க்குப் போனால் இன்னொரு 1.7 மடங்கு. காகிதத்தில் தம்பி சொல்வது சரிதான்.

ஆனால் ஸ்டீயரர் மட்டுமா வளைகிறது? ஃபோர்க் கால்கள், அச்சு, சக்கரம், டயர் எல்லாம் வளைகின்றன. ஒன்றை மட்டும் இரும்புத் தூணாக்கினால் வளைவு அடுத்ததற்குப் போகும். இதற்கு முன் என்னிடம் இருந்த ஒரு ஃபோர்க் (பெயர் வேண்டாம்) பிரேக் பிடிக்கும்போதெல்லாம் 'கிறீச்' என்றது. ஒன்றரை இன்ச் அடி கொண்டதுதான். குழாய் வளைந்து வந்த சத்தம் இல்லை அது, கிரவுனுக்குள் அழுத்திச் செருகிய இடம் தளர்ந்த சத்தம். அகலமான குழாய் வந்தால் செருகும் பரப்பு கூடும், உண்மை. ஆனால் துளையைச் சரியான அளவில் கடையாதவன் 1.8லும் சரியாகக் கடைய மாட்டான்.

இந்தப் பெரிதாக்கும் வேலை ஒன்றும் புதிதில்லை. 1990 வாக்கில் மலைச் சைக்கிள் முன்னோடி கேரி ஃபிஷர் ஒன்றே கால் இன்ச்சைக் கொண்டுவந்தார். ஒன்றே அரைக்கால் ஜெயித்தது. 2000களின் தொடக்கத்தில் மேலும் கீழும் ஒன்றரை இன்ச் என்று ஒரு அளவு வந்தது. விறைப்புக்குக் குறையில்லை, ஆனால் எடையும் கூடி, ஸ்டெம்மும் (ஹேண்டில்பாரை ஸ்டீயரரோடு இணைப்பது) தனியாகத் தேட வேண்டியிருந்ததால் பரவலாக ஓடவில்லை. அடியை மட்டும் பெரிதாக்கிய டேப்பர்டு வந்து நிலைத்தது. அப்புறம் ஜயன்ட் கம்பெனி தன் ஓவர்டிரைவ் 2இல் மேல் பக்கத்தை ஒன்றே கால் ஆக்கியது. அதற்கும் தனி ஸ்டெம். இருபது கிலோ தாண்டிய மின் சைக்கிளுக்கு 1.8 நியாயமாக இருக்கலாம். என் வண்டிக்கு அது வந்தால் மிச்சம், ஃபோர்க் உடைந்த அன்று உபினில் மட்டுமல்ல, ஊர் முழுக்க மாற்று தேடுவதுதான்.

44இன் அழகே, அதே ஃபிரேமில் பழைய நேர் ஸ்டீயரரும் ஏறும், டேப்பர்டும் ஏறும் என்பதுதான். ஒரு குறை: கீழ் கப் வெளியே நிற்பதால் முன்பக்கம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரும், ஹெட் ஆங்கிள் (ஹெட் டியூபின் சாய்வு) சுமார் அரை டிகிரி சாயும். இறக்கத்தில் எனக்கு அது பிடித்திருக்கிறது. ஏற்றத்தில் முன் சக்கரம் கொஞ்சம் அலையும். மேலே இருந்த ஸ்பேசர் ஒன்றை எடுத்துவிட்டு ஸ்டெம்மை இறக்கிக்கொண்டேன்.

ஆர்டர் போடுமுன் ஹெட் டியூபின் உள்ளே காலிப்பர் வைத்து அளந்துவிடுங்கள். 56 மி.மீ. அடி கொண்ட ஃபிரேமுக்கு இந்தக் கீழ் கப் சேராது, இசட்எஸ்56/40 கேட்டு வாங்க வேண்டும்.